ரெண்டாவது குரலையும் கொஞ்சம் கேளுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க ஞாயிறு இணைப்புல அமெரிக்கப் பாடகி அலிசன் கிரௌஸ் பத்தி அரைப்பக்கத்துக்கு ஒரு கட்டுரை வந்திருந்துச்சு. தமிழ்ப் பேப்பர்ல அந்தப் பேரைப் பாக்கிறதே அபூர்வம், அதுக்கு முதல்ல நன்றி சொல்லிடுறேன். ஆனா படிச்சு முடிச்சதும், பந்தியில உக்காந்து ஊறுகாய மட்டும் தொட்டுட்டு எந்திரிச்ச மாதிரி ஆயிடுச்சு. 27 கிராமி வாங்கினவங்க, லெட் செப்பெலின்ங்கிற ராக் குழுவோட பாடகர் ராபர்ட் பிளான்ட் கூட ஆல்பம் போட்டவங்க, சினிமாவுல பாடினவங்க, இனிமையான குரல், அவ்ளோதான், கட்டுரை முடிஞ்சு போச்சு. நடுவுல, பெரிய நட்சத்திரங்களோட கை கோத்ததாலதான் உலகப் புகழ் கிடைச்சதுங்கிற மாதிரி ஒரு வரி வேற. அந்த ஒரு வரிதான் என்னை எழுத வச்சது. விஷயம் அப்படியே தலைகீழ் சார். பெரும்பாலும் அந்தப் பெரிய ஆளுங்கதான் இவங்க பக்கத்துல நின்னு பாடணும்னு ஆசைப்பட்டு வந்தாங்க, ஏன் வந்தாங்கன்னு சொல்லாம விட்டா அவங்களப் பத்தி எழுதி என்ன பிரயோஜனம்.

லெட்டர் நீளமா போகும், முன்னாடியே சொல்லிடுறேன். இடம் இல்லன்னா வெட்டிக்கோங்க, ஆனா ஹார்மனி, அதாவது மெலடியோட ஒட்டி வேற சுரத்துல சேந்து பாடுறது, அதப் பத்தி வர்ற இடத்த மட்டும் வெட்டிடாதீங்க.

நான் சங்கீத விமர்சகன் எல்லாம் கிடையாது. பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு சர்ச் பாடகர் குழுவுல டெனர் பாடுறவன். எங்க ஊர்ப் பக்கம் பாமாலைய சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பாஸ்னு நாலு குரல்ல பாடுறது தலைமுறை தலைமுறையா இருக்கிற பழக்கம், உங்க வாசகர்கள்ல நிறைய பேருக்கு இது தெரிஞ்சிருக்கும். டெனர் பாடுறவனுக்கு ஒரு உண்மை நல்லா தெரியும், மெலடி பாடுறவங்களத்தான் ஜனங்க வீட்டுக்குப் போற வழியில முணுமுணுப்பாங்க, பக்கத்துல நின்னு அத தாங்கிப் பிடிக்கிறவங்க முகம் கூட ஞாபகம் இருக்காது, ஆனா அவங்க ஒரு வாரம் வரலன்னா பாட்டு மொட்டையா நிக்கும். அலிசன் கிரௌஸ் தனியா பாடினா எவ்ளோ அழகுன்னு உலகமே சொல்லியாச்சு. என் கணக்குல அவங்களோட நிஜமான வித்தை ரெண்டாவது குரலா நிக்கிறதுலதான் இருக்கு. அடுத்தவங்க குரல் எங்க வளையும், எங்க மூச்சு விடும், எந்த எழுத்த இழுக்கும்னு கேட்டு, அதோட ஒட்டி, அத மூடாம, அத விட கொஞ்சம் மேல மிதக்கிறது. இத அவங்க எங்க கத்துக்கிட்டாங்கன்னு பாத்தா புளூகிராஸ்ங்கிற அமெரிக்க நாட்டுப்புற பாணி இசை எப்படி ஓடுதுன்னு கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கு.

கென்டக்கிக்காரர் பில் மன்றோ, மாண்டலின் வாசிக்கிறவர், 1939ல நாஷ்வில்லோட கிராண்ட் ஓல் ஆப்ரி ரேடியோ நிகழ்ச்சிக்குள்ள வர்றார். அவரோட குழு பேரு புளூ கிராஸ் பாய்ஸ், அந்தப் பேருதான் பின்னாடி இசை வகைக்கே பேரா நின்னுடுச்சு. 1945 கடைசியில ஏர்ல் ஸ்க்ரக்ஸ்னு ஒரு பையன் மூணு விரல்ல பாஞ்சோவ மழை மாதிரி கொட்டிக்கிட்டு அந்தக் குழுவுல சேந்தப்பறம்தான் நாம இன்னிக்கு புளூகிராஸ்னு சொல்ற சத்தம் முழுசா உருவாச்சு. ஃபிடில் (வயலினத்தான் அப்படி சொல்லுவாங்க), மாண்டலின், பாஞ்சோ, கிட்டார், நின்னுக்கிட்டு வாசிக்கிற பெரிய பேஸ், பின்னாடி வந்து சேந்த, மடியில வச்சு வாசிக்கிற டோப்ரோ கிட்டார். டிரம்ஸ் கிடையாது. டிரம்ஸ் வேலைய மாண்டலின்தான் பாக்கும், தாளத்துக்கு நடுவுல தந்திய அமுக்கி டக்குனு வெட்டுறத சாப்னு சொல்லுவாங்க. ஒரு ஆள் பிரேக் எடுத்து தனியா நாலு வரி வாசிப்பார், முடிச்சதும் ஒதுங்கி அடுத்தவருக்குத் தாளம் போடுவார், அவர் முடிச்சா இன்னொருத்தர். பாட்டும் அதே மாதிரிதான், ஒருத்தர் லீட், அதாவது மெலடி, அதுக்கு மேல டெனர், கீழ பாரிடோன். அந்தக் காலத்துல ஒரே மைக்க சுத்தி நின்னு பாடுவாங்க, யார் சத்தம் கூடணும் குறையணும்னா ஆளே முன்னாடி வரணும் பின்னாடி போகணும். அப்போ இந்த இசையில ஒருத்தர் கூட சேந்து பாடுறதுங்கிறது ஸ்பெஷல் அயிட்டம் இல்ல, தினப்படி வேலையே அதுதான். உங்க கட்டுரை கூட்டு முயற்சின்னு எழுதினப்போ நம்ம ஊர் சினிமாவுல கெஸ்ட் ரோல் வர்ற மாதிரி எழுதிட்டீங்க.

அலிசன் கிரௌஸ் இந்த இசை ஊறின மலைநாட்டுப் பொண்ணு கூட இல்ல. 1971ல இல்லினாய்ஸ் மாநிலம் டெகேடர்ல பொறந்து ஷாம்பெய்ன்ங்கிற யுனிவர்சிட்டி ஊர்ல வளந்தவங்க, சுத்தி சமவெளி, சோளக் காடு. அஞ்சு வயசுல கிளாசிக்கல் வயலின், அப்புறம் அது போரடிச்சு ஊர்த் திருவிழா ஃபிடில் போட்டிகள்ல இறங்கி, 14 வயசுல ரவுண்டர் ரெக்கார்ட்ஸ் கம்பெனியோட ஒப்பந்தம். பதினாலு வயசுல நாம எல்லாம் என்ன பண்ணிக்கிட்டு இருந்தோம்னு யோசிச்சா சிரிப்புதான் வருது.

அவங்க சின்ன வயசுல கேட்டு வளந்த இசையில ஒரு ரெக்கார்டப் பத்தி மட்டும் சொல்றேன், 1975ல அதே ரவுண்டர் வெளியிட்ட ஜே.டி. க்ரோ அண்ட் த நியூ சவுத். புளூகிராஸ்காரங்க அத ஆல்பம் பேரச் சொல்லிக் கூட கூப்பிட மாட்டாங்க, கேட்டலாக் நம்பரச் சொல்லி 0044ம்பாங்க. அதுல பாஞ்சோ க்ரோ, கிட்டாரும் லீட் குரலும் டோனி ரைஸ், மாண்டலின், ஃபிடிலோட டெனர் குரலும் ரிக்கி ஸ்காக்ஸ், டோப்ரோவுக்கு இருபது வயசு கூட ஆகாத ஜெர்ரி டக்ளஸ். டோனி ரைஸ்தான் தனக்கு ஆதர்சம்னு அலிசன் பல பேட்டியில சொல்லியிருக்காங்க. அந்த ரெக்கார்டுல ரைஸ் குரலையும் ஸ்காக்ஸ் குரலையும் சேத்துக் கேளுங்க, ரெண்டு பேரும் ஒரே வாயால பாடுற மாதிரி இருக்கும், கத்தல் கிடையாது, அழுகை கிடையாது, சொல்ல வேண்டியத மெதுவா சொல்லிட்டுப் போறாங்க. பின்னாடி அலிசன் பாடின விதம் அங்கேர்ந்து வந்தது. இதுல வேடிக்கை என்னன்னா அந்த ஜெர்ரி டக்ளஸ்தான் 1987ல அலிசனோட முதல் தனி ஆல்பத்துல டோப்ரோ வாசிச்சார், அவங்களுக்கு முதல் கிராமி வாங்கித் தந்த 1990 ஆல்பத்த தயாரிச்சவங்கள்ல ஒருத்தர், 1998ல அவங்க குழுவுக்கே நிரந்தரமா வந்துட்டார். தான் கேட்டு வளந்த ரெக்கார்டுல வாசிச்ச ஆளு தன் குழுவுல வந்து உக்கார்றதுன்னா சும்மாவா.

அந்தக் குழு பேரு யூனியன் ஸ்டேஷன். உங்க கட்டுரையில அந்தப் பேரு ஒரு தடவ கூட வரல, அதுதான் எனக்கு ரொம்ப வருத்தம். டான் டிமின்ஸ்கி, ரான் பிளாக், பேரி பேல்ஸ், ஜெர்ரி டக்ளஸ், இவங்க நாலு பேரும் பக்கவாத்தியம் இல்ல. டிமின்ஸ்கி குழுவுல இருந்த வரைக்கும் ஆல்பத்துல சில பாட்டுக்கு அவர் லீட் பாடுவார், அப்போ அலிசன் ஒதுங்கி ஹார்மனிக்குப் போயிடுவாங்க, இல்ல ஃபிடில எடுத்துக்குவாங்க. அவ்ளோ பெரிய நட்சத்திரம் தன் பேர்ல இருக்கிற கச்சேரியில ரெண்டாவது ஆளா நிக்கிறது சாதாரண விஷயம் இல்லங்க, நம்ம ஊர்ல யாராவது நிப்பாங்களா சொல்லுங்க.

அவங்கள நாட்டுக்கே தெரிய வச்சது ஒரு அஞ்சலிப் பாட்டு. கீத் விட்லின்னு ஒரு பாடகர், பையனா இருக்கும்போது ரால்ஃப் ஸ்டான்லி குழுவுல பாடி, அப்புறம் க்ரோவோட நியூ சவுத்துல பாடி, புளூகிராஸ்லேர்ந்து கன்ட்ரிங்கிற அமெரிக்க ஜனரஞ்சக இசைக்குப் போனவர். 1988ல வென் யூ ஸே நத்திங் அட் ஆல் பாட்டு அவருக்கு கன்ட்ரி லிஸ்ட்ல முதல் இடம் வாங்கிக் குடுத்துச்சு, அடுத்த வருஷமே குடியால சின்ன வயசுல செத்துப் போனார். 1994ல அவருக்காகப் போட்ட அஞ்சலி ஆல்பத்துல அலிசனும் குழுவும் அந்தப் பாட்ட எடுத்தாங்க. ரேடியோக்காரங்க தானா எடுத்துப் போட ஆரம்பிச்சு அது லிஸ்ட்ல மூணாவது இடம் வரைக்கும் ஏறிடுச்சு. 1995ல வந்த தொகுப்பு ஆல்பம் இருபது லட்சத்துக்கு மேல வித்துச்சு, அதே வருஷம் கன்ட்ரி இசைச் சங்கம் குடுக்கிற சி.எம்.ஏ. விருதுல நாலு அவங்களுக்கு. சின்ன கம்பெனியில இருந்துக்கிட்டு, டிரம்ஸ் சத்தம் அதிராம, இத செஞ்சிருக்காங்க. 1999ல ரோனன் கீட்டிங் பாடி இங்கிலாந்துல முதல் இடத்துக்குப் போனதும் இதே பாட்டுதான், நம்ம ஊர் எஃப்.எம்.ல ராத்திரி நேரத்துல அதக் கேட்டு உருகினவங்க நிறைய பேர் இருப்பீங்க. அதுக்குப் பின்னாடி கென்டக்கில ஒரு பையன் ஸ்டான்லி குழுவுல தொண்டையக் கிழிச்சுப் பாடின கதை இருக்குன்னு எழுதியிருந்தா கட்டுரை எங்கயோ போயிருக்கும்.

சினிமாவுல பாடினாங்கன்னு ஒரே வரியில முடிச்சுட்டீங்களே, அது எந்தப் படம்னு பேராவது போட்டிருக்கலாம். கோயன் பிரதர்ஸோட ஓ பிரதர் வேர் ஆர்ட் தவ், 2000ல வந்தது, மிசிசிப்பியில 1930கள்ல நடக்கிற கதை. டி-போன் பர்னெட் பாட்டெல்லாம் கோத்துக் குடுத்தார். அதுல ஞானஸ்நானக் காட்சி, வெள்ளை உடுப்போட ஜனங்க மரத்துக்கு நடுவுல ஆத்துக்கு இறங்கி வருவாங்க, டவுன் டு த ரிவர் டு ப்ரேன்னு ஒரே ஒரு குரல் வாத்தியமே இல்லாம ஆரம்பிக்கும், அதுதான் அலிசன். ஒண்ணா இருந்த குரல் ரெண்டாகி மூணாகி ஒரு சர்ச் குழுவே சேந்துக்கும். எங்க பாடகர் குழு பசங்களுக்கு இத போட்டுக் காட்டி, கத்தாம சத்தத்த எப்படி வளக்கிறதுன்னு நான் அடிக்கடி சொல்றது உண்டு. இன்னொரு பாட்டுல எம்மிலூ ஹாரிஸ், கில்லியன் வெல்ச், அலிசன், மூணு பேரும் தாலாட்டு பாடுற மாதிரி பாடுவாங்க, மூணு பேர்ல யார் யாருன்னு முதல் தடவ கேக்கும்போது பிரிச்சு சொல்றது கஷ்டம், சொல்ல முடியக் கூடாதுன்னுதான் அப்படிப் பாடியிருக்காங்க.

படத்துல ஜார்ஜ் க்ளூனி வாயசைக்கிற மேன் ஆஃப் கான்ஸ்டன்ட் சாரோ பாட்டுக்கு நிஜக் குரல் யாருன்னு பாத்தா யூனியன் ஸ்டேஷனோட டான் டிமின்ஸ்கி. கன்ட்ரி ரேடியோ அந்தப் பாட்ட பெருசா கண்டுக்கவே இல்ல, ஆனா ஜனங்க ஆல்பத்த அள்ளிட்டுப் போனாங்க, 2002ல அதுக்கு வருஷத்தோட சிறந்த ஆல்பம் கிராமி. ரால்ஃப் ஸ்டான்லி மாதிரி எழுபது தாண்டின பெரியவருக்கு அப்பதான் ஊரே திரும்பிப் பாத்துச்சு. டிமின்ஸ்கி இன்னும் ஒரு படி மேல போனார், 2013ல ஸ்வீடன் டிஜே அவிச்சியோட ஹே பிரதர் பாட்டுல கேக்கிற குரல் அவரோடதுதான். டிஸ்கோவுல அந்தப் பாட்டுக்கு ஆடின பசங்கள்ல எத்தனை பேருக்கு இது புளூகிராஸ் தொண்டைன்னு தெரியும்.

அடுத்து 2003ல கோல்ட் மவுண்டன் படத்துக்கு ரெண்டு பாட்டு, ஒண்ணு ஸ்டிங் எழுதினது, இன்னொண்ணு எல்விஸ் காஸ்டெல்லோவும் பர்னெட்டும். ரெண்டும் ஆஸ்கர் பரிந்துரை வரைக்கும் போச்சு, மேடையில ரெண்டையும் அலிசனே பாடினாங்க. அது போகட்டும்.

2004ல கன்ட்ரி பாடகர் பிராட் பைஸ்லி கூட விஸ்கி லலபைங்கிற பாட்டு. குடிச்சே செத்துப் போற ஒருத்தன், அவனுக்கு அப்பறம் அதே வழியில போற அவனோட காதலி. பில் ஆண்டர்சனும் ஜான் ராண்டலும் எழுதினது. பைஸ்லி முதல் சரணத்துல அவன் கதைய சொல்லுவார், ரெண்டாவது சரணத்துல அலிசன் வந்து அவ கதைய சொல்லுவாங்க. இந்த மாதிரிப் பாட்டுல பாடுறவங்க அழுதா போச்சு, கேக்கிறவங்க அழ மாட்டாங்க. அலிசன் அழவே இல்ல, பக்கத்து வீட்டுல நடந்தத சொல்ற மாதிரி சொல்லிட்டுப் போறாங்க. நான் மேல சொன்ன டோனி ரைஸ் பாடம் இதுதான்.

இப்ப ராபர்ட் பிளான்ட் விஷயத்துக்கு வர்றேன். உங்க கட்டுரையோட தலைப்பே அதுதானே.

ரெண்டு பேரும் சந்திச்சது 2004ல கிளீவ்லாந்துல லெட்பெல்லிங்கிற பழைய நாட்டுப்புறப் பாடகருக்கு நடந்த ஒரு அஞ்சலி நிகழ்ச்சியில. 2007 அக்டோபர்ல ரெண்டு பேரும் சேந்து போட்ட ரெய்ஸிங் சேண்ட் ஆல்பம் வந்துச்சு, தயாரிப்பு அதே டி-போன் பர்னெட். பிளான்ட் யாருன்னு உங்க வாசகர்களுக்கு சொல்லத் தேவையில்ல, எழுபதுகள்ல ஸ்டேடியம் அதிர கத்தினவர். அவருக்கு வாழ்க்கை பூரா லீட்தான், பக்கத்துல ஒருத்தர் குரலோட இசைஞ்சு பாடுற வேலையே பெருசா வந்ததில்ல, ஹார்மனி பாடக் கத்துக்கிட்டதே இங்கதான்னு அவரே பேட்டிகள்ல சொல்லியிருக்கார். இதுல பெரிய சிக்கல் ஒண்ணு இருக்கு. புளூகிராஸ் ஆளுங்களுக்கு ஒரு வரிய எப்படிப் பாடணும்னு முடிவு பண்ணியாச்சுன்னா அப்படியேதான் பாடணும், மூணு குரலும் ஒரே இடத்துல வளையணும், எங்க சர்ச்லயும் அதே கதைதான், ஒருத்தர் கமகம் போட்டா மத்த மூணு பேரும் கவுந்துடுவாங்க. ராக் பாடகர் ஒரே வரிய ரெண்டு தடவ ஒரே மாதிரி பாட மாட்டார், அதுதான் அவரோட அழகு. இந்த ரெண்டு பேரையும் ஒரு மைக் முன்னாடி நிறுத்தினா என்ன ஆகும்னுதான் அந்த ஆல்பமே. அவர் தன் குரல பாதியா சுருக்கிக்கிட்டார், ரகசியம் பேசுற அளவுக்கு. இவங்க அவர் எங்க போவார்னு கண்ணால பாத்து பிடிச்சுக்கிட்டாங்க. எவர்லி பிரதர்ஸ் பாடின கான் கான் கான் அதுல இருக்கு, கேட்டா ரெண்டு பேரும் சின்ன வயசுலேர்ந்து சேந்து பாடுறவங்கன்னு நினைப்பீங்க. பிளான்டோட பழைய பாட்டு ப்ளீஸ் ரீட் த லெட்டர், 1998ல லெட் செப்பெலின் கிட்டார்க்காரர் ஜிம்மி பேஜ் கூட போட்டது, அத இங்க மெதுவாக்கி அலிசன் மேல நின்னு பாடினாங்க, வருஷத்தோட சிறந்த ரெக்கார்டுன்னு கிராமி. 2009ல அந்த ஆல்பம் அஞ்சு கிராமி வாங்கிச்சு, சிறந்த ஆல்பமும் சேத்து.

அந்த ஆல்பத்துல கடைசிப் பாட்டு யுவர் லாங் ஜர்னி, டாக் வாட்சனும் அவர் மனைவி ரோசா லீயும் எழுதினது, சாவைப் பத்தின ஒரு மலைநாட்டுப் பாட்டு. அதுல பிளான்ட் முழுக்க முழுக்க அலிசன் வீட்டுக்குள்ள வந்துட்டார். மாத்தி அவங்க அவர் வீட்டுக்குப் போனதும் உண்டு, 2008 டூர்ல லெட் செப்பெலினோட பேட்டில் ஆஃப் எவர்மோர் பாடினாங்க, 1971ல சாண்டி டென்னி பாடின பகுதி அலிசனுக்கு. பிளாக் டாக் பாட்ட வேகத்தக் குறைச்சு பாஞ்சோவோட பாடினத யாராச்சும் ரெக்கார்ட் பண்ணது நெட்ல கிடைக்கும், கேட்டுப் பாருங்க, ராக் ரசிகர்கள் சிலர் முகம் சுளிச்சாங்க, எனக்கு ஒரிஜினல விட பிடிச்சிருக்கு, சண்டைக்கு வராதீங்க.

அவ்ளோ வெற்றிக்கு அப்பறம் அடுத்த ஆல்பம் உடனே போட்டிருக்கலாம், துட்டு கொட்டியிருக்கும். முயற்சி பண்ணிப் பாத்தாங்க, சரியா அமையல, விட்டுட்டாங்க. அவர் வேற குழுவுக்குப் போனார், இவங்க யூனியன் ஸ்டேஷனுக்குத் திரும்பி 2011ல பேப்பர் ஏர்ப்ளேன் போட்டாங்க. ரெண்டாவது ஆல்பம் ரெய்ஸ் த ரூஃப் வந்தது 2021ல, பதினாலு வருஷம் கழிச்சு. நட்சத்திரத்தோட கை கோத்துப் பேர் வாங்கணும்னு நினைக்கிறவங்க பதினாலு வருஷம் காத்திருப்பாங்களா, நீங்களே சொல்லுங்க.

ஆல்பம் அட்டைக்குப் பின்னாடி சின்ன எழுத்துல அவங்க பேரு வர்ற வேலைகள் இன்னும் முக்கியம்னு நினைக்கிறேன். டாலி பார்ட்டன், லிண்டா ரான்ஸ்டாட், எம்மிலூ ஹாரிஸ் மூணு பேரும் சேந்து போட்ட ட்ரையோ ரெண்டாவது ஆல்பத்துல அலிசன் ஃபிடில் வாசிச்சிருக்காங்க. 1999ல டாலி பார்ட்டன் திரும்பவும் புளூகிராஸ் பக்கம் வந்த த கிராஸ் இஸ் புளூ ஆல்பத்துல ஹார்மனி. லூவின் பிரதர்ஸ்ங்கிற பழைய கன்ட்ரி ஜோடிக்குப் போட்ட அஞ்சலி ஆல்பத்துல ஜேம்ஸ் டெய்லர் கூட ஒரு டூயட். அயர்லாந்துக்காரங்க த சீஃப்டன்ஸ் கூட, செல்லோ மேதை யோ-யோ மா கூட. 2022ல டெஃப் லெப்பர்ட்ங்கிற ராக் குழு கூட ரெண்டு பாட்டு, ஆமா அதே டெஃப் லெப்பர்ட்தான், அலிசன் சின்ன வயசுலேர்ந்து அந்தக் குழுவுக்கு ரசிகையாம்.

தயாரிப்பாளரா செஞ்சது தனிக்கதை. கலிபோர்னியாவுல நிக்கல் க்ரீக்னு மூணு சின்னப் பசங்க, கிறிஸ் தீலே மாண்டலின், அண்ணன் தங்கச்சி ஷான் வாட்கின்ஸ், சாரா வாட்கின்ஸ். அவங்களோட 2000 ஆல்பத்தயும் 2002 ஆல்பத்தயும் தயாரிச்சது அலிசன். புளூகிராஸ் தெரியாத காலேஜ் பசங்க கைக்கு மாண்டலின் போய்ச் சேந்ததுல அந்த ரெண்டு ஆல்பத்துக்கும் பெரிய பங்கு உண்டு. அதே தீலே பின்னாடி பஞ்ச் பிரதர்ஸ் ஆரம்பிச்சு, யோ-யோ மாவோட சேந்து வாசிச்சு எங்கயோ போயிட்டார். அதுக்கு நேர் எதிரா 2006ல கன்ட்ரி பாடகர் ஆலன் ஜாக்சன் புளூகிராஸ் ஆல்பம் போடலாம்னு நினைச்சு இவங்ககிட்ட வந்தார், இவங்க அவருக்கு மெதுவான, சாயங்கால மூட்ல ஒரு ஆல்பம் செஞ்சு குடுத்துட்டாங்க. புளூகிராஸ் ஆல்பத்த அவர் 2013லதான் வேற தயாரிப்பாளரோட போட்டார். வந்த ஆளு கேட்டத விட அவர் குரலுக்கு எது பொருந்தும்னு பாத்திருக்காங்க, அது எல்லாருக்கும் பிடிக்கலங்கிறது வேற விஷயம்.

இந்தியாவுக்கும் இதுல ஒரு சின்ன நூல் இருக்கு, அத நீங்க விட்டதுதான் ஆச்சரியம். ஜெர்ரி டக்ளஸ் 1995ல நம்ம மோகன வீணைக் கலைஞர் விஸ்வ மோகன் பட் கூட சேந்து பேர்பன் அண்ட் ரோஸ்வாட்டர்னு ஒரு ஆல்பம் போட்டிருக்கார், பேஸ் எட்கர் மேயர். டோப்ரோவும் மடியில வச்சு இரும்புக் கட்டைய தந்தி மேல வழுக்கி வாசிக்கிறதுதான், மோகன வீணையும் அப்படித்தான், அதனால ரெண்டு பேரும் பேசிக்க மொழிபெயர்ப்பாளரே தேவைப்படல. நம்ம சித்திர வீணை கேட்டவங்களுக்கு டோப்ரோ சத்தம் ஒரு நிமிஷத்துல பழகிடும்.

எல்லாத்தயும் புகழ்ந்தா நம்ப மாட்டீங்க. ஜான் வெய்ட்ங்கிற ராக் பாடகர் கூட அவரோட பழைய பாட்டு மிஸ்ஸிங் யூவ திரும்பப் பாடினது எனக்கு உப்புச்சப்பில்லாம இருந்துச்சு. 2017ல வந்த விண்டி சிட்டியில வயலின் கூட்டம் கொஞ்சம் ஜாஸ்தி, பழைய கன்ட்ரி பாட்டுங்க, நல்லாத்தான் பாடியிருக்காங்க, ஆனா அந்த மெத்தைக்குள்ள குரல் புதைஞ்சு போச்சு. மெதுவான பாட்டையே திரும்பத் திரும்ப எடுக்கிறாங்கன்னு பழைய புளூகிராஸ் ரசிகர்கள் சொல்ற குறையிலயும் நியாயம் இருக்கு. ஆரம்பத்துல ஃபிடில வச்சு வேகமா கிழிச்ச பொண்ணு, பின்னாடி வில்ல எடுக்கிறதே குறைஞ்சு போச்சு, அது எனக்கு நிஜமான நஷ்டம்.

செல்வாக்குன்னு பாத்தா பாட்டோட பாணிய விட, யார் மேடையில நடுவுல நிக்கலாம்ங்கிற விஷயத்துலதான் ஜாஸ்தி. புளூகிராஸ்ல பெண்கள் முன்னாடி இல்லாம இல்ல, மன்றோ குழுவுலயே 1940கள்ல சாலி ஆன் ஃபாரஸ்டர் அக்கார்டியன் வாசிச்சாங்க, அப்புறம் ஹேசல் டிக்கன்ஸ், ஆலிஸ் ஜெரார்ட் ரெண்டு பேரும் சுரங்கத் தொழிலாளி பாட்டெல்லாம் பாடி வழி போட்டாங்க. ஆனா ஒரு பொண்ணு குழுத் தலைவியா, ஃபிடிலும் வாசிச்சு, லீடும் பாடி, 1993ல இருபத்தொரு வயசுல கிராண்ட் ஓல் ஆப்ரில உறுப்பினரா நின்னத டிவியில பாத்து வளந்த பிள்ளைங்க வேற ரகம். டென்னசியில சியரா ஹல்னு மாண்டலின் வாசிக்கிற சின்னப் பொண்ண பதினோரு வயசுல ஆப்ரி மேடைக்குக் கூப்பிட்டு பக்கத்துல நிறுத்தினதே அலிசன்தான். இன்னிக்கு அந்தப் பொண்ணு பெரிய ஆளு. 2023ல, 2024ல புளூகிராஸ் கிராமி வாங்கின மாலி டட்டில் மாதிரி கிட்டார்க்காரங்க வர்றதுக்கும் அந்தக் கதவு முன்னாடியே தொறந்து கிடந்தது உதவுச்சு. 27 கிராமி, 2021ல பியான்சே தாண்டுற வரைக்கும் பெண்கள்ல அதுதான் அதிகம், அத நீங்க போட்டது சரி. அதே 2021ல புளூகிராஸ் ஹால் ஆஃப் ஃபேம்லயும் சேத்தாங்க, அத விட்டுட்டீங்க.

இன்னொண்ணு, கட்டுரைய படிச்சா ஏதோ பழைய கதை மாதிரி இருக்கு. 2025 மார்ச்ல யூனியன் ஸ்டேஷனோட ஆர்கேடியா வந்துச்சு, குழுவா பதினாலு வருஷத்துக்கு அப்பறம் முதல் ஆல்பம். டிமின்ஸ்கி இல்ல, அந்த இடத்துக்கு ரஸ்ஸல் மூர் வந்திருக்கார், நாப்பது வருஷமா புளூகிராஸ்லயே ஊறின குரல். பஞ்சாலைத் தீ விபத்தைப் பத்தின ஒரு பழங்கதைப் பாட்டுல அவர் லீட் பாடுறார், அலிசன் வழக்கம் போல பின்னாடி போயிட்டாங்க. புது ஆளு குரலோட எப்படி ஒட்டுறாங்கன்னு கேக்கவே அந்த ஆல்பத்த வாங்கலாம்.

ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த தடவ இந்த மாதிரி இசைக் கட்டுரை போடும்போது விருதுக் கணக்க ஒரு வரியில முடிச்சுட்டு, கூட வாசிச்சவங்க பேரையும் கேக்க வேண்டிய நாலஞ்சு பாட்டையும் ஒரு கட்டம் கட்டிப் போடுங்க. இவங்களுக்கு நான் சொல்றதுன்னா முதல்ல யுவர் லாங் ஜர்னி, ஹெட்ஃபோன்ல, லீட விட்டுட்டு மேல வர்ற குரல மட்டும் பிடிச்சுக்கிட்டே போங்க. அதுக்கப்பறம் 0044, அலிசன் அதுல கிடையாது, பரவால்ல.

இப்படிக்கு,
உங்க நெடுநாள் வாசகர் ஒருத்தர்,
பாளையங்கோட்டை.

பி.கு.: படத்துக்குக் கீழ "பாஞ்சோவுடன் அலிசன்"னு போட்டிருந்தீங்க. அவங்க கையில இருக்கிறது ஃபிடில். பாஞ்சோ பின்னாடி நிக்கிற ரான் பிளாக் கழுத்துல தொங்குது, அவர் தலைய பாதி வெட்டிட்டீங்க.